ஐந்தாம் மாதம் ஆகிவிட்டது, ஆர்.சி.பி. நண்பனிடம் எப்படிச் சொல்வது?

குடியாத்தம்_மஞ்சள்

மனைவிக்கு இது ஐந்தாம் மாதம், எங்களுக்குத் தலைக்குழந்தை. போன வாரம் குழந்தைக்கு உறுப்புக் குறை ஏதும் உண்டா என்று பார்க்கும் அனாமலி ஸ்கேன் முடிந்தது, எல்லாம் நார்மல் என்று சொல்லிவிட்டார்கள், மே கடைசியில் தேதி கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வீட்டிலும் தெரியும், ஆபீசில் மேனேஜருக்குத் தெரியும், கீழ் வீட்டு ஓனரம்மாவுக்கு நாங்கள் சொல்லாமலே தெரிந்துவிட்டது. இன்னும் தெரியாத ஒரே ஆள் என் நண்பன். ஐ.பி.எல். கிரிக்கெட்டில் நான் சென்னை அணி சி.எஸ்.கே., அவன் பெங்களூர் அணி ஆர்.சி.பி.

அவனைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் புரியும். கே.ஜி.எஃப். (கோலார் தங்கவயல்) தமிழன். அவன் அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், 2001இல் சுரங்கத்தை மூடியபோது இவன் சின்னப் பையன். மாரிகுப்பத்திலிருந்து தினமும் ரயிலேறி பெங்களூர் வந்து படித்தவன். நான் குடியாத்தத்துக்காரன். ஒரே காலேஜ், அப்புறம் வேலைக்கு வந்ததும் ஒரே ரூம், கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு தெரு தள்ளி வீடு. வீட்டில் தமிழ்தான் பேசுவான், ஆனால் கோபம் வந்தால் கன்னடம். நீ தமிழன்தானே, சி.எஸ்.கே. பக்கம் வாடா என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், "நான் பொறந்த மண்ணு எதுடா?" என்று கிளம்பிவிடுவான்.

எங்கள் இரண்டு டீமும் மோதிய 2011 ஐ.பி.எல். ஃபைனலை இருவரும் சேர்ந்துதான் பார்த்தோம். எங்கள் அஸ்வின் முதல் ஓவரிலேயே அவர்கள் கெயிலை டக்கில் அனுப்பினார், இவன் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்துபோய் அந்த ராத்திரியில் துணி துவைக்க உட்கார்ந்துவிட்டான். 2017இல் அவர்கள் 49 ரன்னில் சுருண்ட அன்று நான் அவனைப் படுத்திய பாட்டை இங்கே எழுத முடியாது. 2024 மே 18 அன்று சின்னசாமியில் நாங்கள் 201 எடுத்தாலே பிளே ஆஃப் என்ற நிலையில் 191இல் நின்றோமே, அந்த மேட்சுக்கும் சேர்ந்துதான் போனோம். மஞ்சள் சட்டையோடு வெளியே வர நான் தயங்கியபோது தன் மேல்சட்டையைக் கழற்றிக் கொடுத்துப் போர்த்திக் கூட்டிவந்தவன், மறுநாள் காலையிலிருந்து வாட்ஸ்அப்பில் என்னைப் பிய்த்து எடுத்தான். எங்கள் சிநேகம் இப்படித்தான்.

இப்போது விஷயம். அவனுக்குக் கல்யாணம் ஆனது 2018இல். சில வருடங்களாக ட்ரீட்மெண்ட் போகிறார்கள். விந்தைக் கருப்பையில் செலுத்தும் ஐ.யூ.ஐ. எல்லாம் பார்த்துவிட்டு, வெளியே கருவை உருவாக்கி உள்ளே வைக்கும் ஐ.வி.எஃப்.பில் வந்து நிற்கிறது. போன வருடம், 2025 ஜூன் 3, ஆர்.சி.பி. முதல் தடவை கப் ஜெயித்த இரவு, அவன் வீட்டில்தான் இருந்தேன். கருவை உள்ளே வைக்கும் டிரான்ஸ்ஃபர் முடிந்து அவன் மனைவி உள்ளே படுத்திருந்தார், அதனால் டிவியில் சத்தமே இல்லை. ஹேசில்வுட் கடைசி ஓவர் போடும்போது கோலி மைதானத்திலேயே அழ ஆரம்பித்தார், ஷஷாங்க் சிங் சிக்ஸராக அடித்தும் ஆறு ரன்னில் பஞ்சாப் தோற்றது. பதினெட்டு சீசன் காத்திருந்தவன், கத்தவில்லை. பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான், திரும்பி வந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மறுநாள் சின்னசாமி வாசல் நெரிசலில் 11 பேர் இறந்துபோனார்கள், அதோடு கொண்டாட்டமும் போயிற்று. அந்த வாரக் கடைசியில், கரு தங்கியதா என்று பார்க்கும் பீட்டா டெஸ்ட் ரிசல்ட் வந்தது. நெகட்டிவ். "கப்பு வந்துடுச்சுடா" என்று மட்டும் போனில் சொன்னான். நானும் மேலே எதுவும் கேட்கவில்லை.

எங்களுக்குக் கல்யாணமாகி இன்னும் ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. முதல் ஸ்கேனில் இதயத்துடிப்பைக் கேட்டு வெளியே வந்ததும் கை தானாகப் போனில் அவன் நம்பருக்குத்தான் போனது, அப்படியே பையில் போட்டுவிட்டேன். அன்றிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிறேன். வயிறு தெரிய ஆரம்பித்துவிட்டது, மனைவி அவர்கள் தெருப் பக்கமே போவதில்லை. குட்டி நேற்று ராத்திரி முதல் தடவையாக என் கைக்குத் தெரிகிற மாதிரி உதைத்தது, சந்தோஷத்தில் குதிக்க வேண்டியவன், இதை இவனிடம் எப்படிச் சொல்வது என்று விட்டத்தைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

எப்படிச் சொல்வது? ஏழாம் மாதம் வளைகாப்பு, அதற்கு அவன் மனைவியை அழைப்பதா வேண்டாமா? இந்த இடத்தில் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஐஜேகே_ஸ்டாண்ட்

முதலில் வாழ்த்துகள் ப்ரோ. மே கடைசின்னா ஃபைனல் சமயம், அதையும் கொஞ்சம் யோசித்திருக்கலாம் 😄

சரி, சீரியஸாக. தோனிக்குப் பொண்ணு பிறந்தது 2015 பிப்ரவரியில், ஆள் உலகக் கோப்பைக்காக ஆஸ்திரேலியாவில் இருந்தார். நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன் கதை தெரியும்தானே, 2020 நவம்பரில் துபாய்ப் பக்கம் ஐ.பி.எல். ஆடிக்கொண்டிருந்தபோது குழந்தை பிறந்தது, அங்கிருந்து அப்படியே ஆஸ்திரேலியா போய் மூன்று ஃபார்மட்டிலும் அறிமுகமாகி, ஜனவரிக் கடைசியில் சாரட் வண்டியில் ஊருக்குள் வந்த பிறகுதான் குழந்தையைக் கையில் தூக்கினார். கோலி அதே டூரில் அடிலெய்டு டெஸ்ட் முடிந்ததும் மனைவியின் பிரசவத்துக்காகக் கிளம்பி வந்துவிட்டார், அதற்கு அவர் வாங்கிய திட்டு தனி. நமக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை, நாம் டிவியை அணைத்தால் போதும்.

நண்பர் விஷயத்தில் எனக்கு அனுபவம் கிடையாது. ஒன்றுதான் தோன்றுகிறது, வேறு யார் மூலமாவது அவர் காதுக்குப் போகக்கூடாது. ஓனரம்மா வரைக்கும் தெரிந்திருக்கிறது, இரண்டு தெரு எம்மாத்திரம்?

கார்த்திகை_மழை

வாழ்த்துகள் தம்பி. நான் உங்கள் நண்பரின் மனைவி இருக்கும் இடத்தில் ஆறேழு வருடம் இருந்தவள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மெசேஜில் சொல்லுங்கள். நேரில் வேண்டாம், போனும் வேண்டாம். எனக்கு ட்ரீட்மெண்ட் நடந்துகொண்டிருந்த காலத்தில் என் நெருங்கிய தோழி வளைகாப்புப் பத்திரிகையோடு நேரிலேயே வந்து நின்றாள். பாசத்தில்தான் வந்தாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கேட்ட அந்த நொடியில் என் முகம் என்ன பாடுபட்டதோ, அதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். உள்ளே போய் டம்ளரில் காபியை ஊற்றுவதற்குள் எனக்கு இரண்டு தடவை கொட்டிவிட்டது. அவள் கர்ப்பமானதைவிட, நான் சிரிக்க வேண்டும் என்று அவள் காத்திருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

எழுதி அனுப்பினால் அவர்கள் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு அழலாம், கோபப்படலாம், அப்புறம் நிதானமாகப் பதில் போடலாம். வெள்ளிக்கிழமை ராத்திரி அனுப்புங்கள், சனி ஞாயிறு அவர்களுக்கென்று கிடைக்கும். ஸ்கேன் படம் வைக்காதீர்கள். "உங்களுக்கும் சீக்கிரம் நடக்கும்" என்று தயவுசெய்து எழுதாதீர்கள், அதை ஊரே சொல்லிச் சொல்லி எங்களுக்குக் காது புளித்துவிட்டது. எந்தக் கோயில், எந்த டாக்டர், எந்த லேகியம், இது எதுவும் வேண்டாம். ட்ரீட்மெண்டில் இருப்பவர்களுக்கு ஊசி நேரத்துக்கு அலாரம், ஸ்கேனுக்கு லீவு, டிரான்ஸ்ஃபருக்குப் பிறகு பீட்டா டெஸ்ட் வரை இரண்டு வாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பது என்று ஒவ்வொரு நாளும் கணக்காகவே ஓடும். எதிரில் யாராவது "ரிலாக்ஸா இருங்க, தானா தங்கும்" என்றால் அறையலாம் போல இருக்கும்.

வளைகாப்புக்கு அழையுங்கள். அழைக்காமல் விட்டால் அது வேறு மாதிரி வலிக்கும், ராசி பார்த்து ஒதுக்கிவிட்டார்கள் என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றும். அழைத்துவிட்டு, வந்தாலும் வராவிட்டாலும் எங்களுக்கு ஒன்றுதான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

ஆண்டர்சன்பேட்டை

ப்ரோ நானும் கே.ஜி.எஃப்.தான், நானும் ஆர்.சி.பி.தான், உங்கள் நண்பரை எனக்குத் தெரியாமலே தெரியும். எங்கள் ஊர்ப் பையன்கள் பாதிப் பேர் காலை ரயிலில் பெங்களூர் போய் ராத்திரி ரயிலில் வீடு திரும்பியவர்கள், அந்தப் பெட்டியில் யாரும் யாருக்கும் நோட்டீஸ் அனுப்பிப் பேசியதில்லை, எல்லாமே முகத்துக்கு நேராகத்தான்.

அக்கா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் இத்தனை வருடச் சிநேகிதத்தில் இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நான் கேட்பேன், "ஏண்டா, ரெண்டு தெரு நடக்க முடியலையா?" என்று. என் மேல் பரிதாபப்பட்டு ஒதுங்குகிறான் என்றுதான் முதலில் தோன்றும். இவ்வளவு காலம் ஆர்.சி.பி. ஃபேனாக இருந்தவனுக்கு ஏமாற்றம் பழகிப்போன விஷயம். 2009, 2011, 2016 மூன்று ஃபைனலும் போயிற்று, ஒவ்வொரு தடவையும் மறுநாள் ஆபீசுக்குப் போய் எல்லோர் கிண்டலையும் வாங்கிக்கொண்டு ஈ சாலா கப் நம்தே (இந்த வருஷம் கப் நமதே) என்று திரும்பவும் சொன்னவர்கள் நாங்கள். கிண்டல் பண்ணினால் தாங்குவோம். பாவம் என்று யாராவது சொன்னால்தான் தாங்காது.

வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒரு டீக்கடைக்குக் கூட்டிப்போய்ச் சொல்லுங்கள்.

கார்த்திகை_மழை

@ஆண்டர்சன்பேட்டை தம்பி, ஃபைனல் தோற்றால் அடுத்த ஏப்ரலில் இன்னொரு சீசன் வரும் என்று நிச்சயமாகத் தெரியும். எங்களுக்கு அப்படி யாரும் அட்டவணை கொடுப்பதில்லை. இரண்டையும் ஒன்றாக வைக்காதீர்கள்.

பரிதாபம் பற்றிச் சொன்னது மட்டும் நூற்றுக்கு நூறு சரி. மெசேஜ் அனுப்பச் சொன்னேனே தவிர, ஒதுங்கச் சொல்லவில்லை. இவர் அந்தப் பையனிடம் மட்டும் சொன்னால் போதாது, விஷயம் அந்தப் பெண்ணுக்கும் போகிறது. டீக்கடையில் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்ல வேண்டிய வேலை அவர் தலையில்தான் விழும், அதையும் யோசியுங்கள்.

ஆண்டர்சன்பேட்டை

அதை யோசிக்கவில்லை அக்கா. சரி, மெசேஜே போடட்டும். ஆனால் டைப் பண்ணுவது அவன் எழுதுகிற மாதிரியே இருக்கட்டும், கல்யாணப் பத்திரிகை மாதிரி வேண்டாம்.

ஓய்வுபெற்ற_டிடிஆர்

தம்பிக்கு ஆசீர்வாதம். நான் ரயில்வேயில் இருந்தவன், இரண்டு விஷயம் சொல்கிறேன்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்று குடியாத்தம் பக்கம் அழைத்துப் போவதாக இருந்தால் இப்போதே தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்கான பிக்மி எண் பதிந்துகொள்ளுங்கள், கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டால் சொல்வார். பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போகும்போது அந்த எண்ணைக் கேட்பார்கள். கர்நாடகாவில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் தாயி கார்டு வாங்கியிருந்தால் அதையும், ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டுக் கையிலேயே வைத்திருங்கள். பயணத்தைக் கடைசி மாதம் வரை தள்ளாதீர்கள், டாக்டரிடம் கேட்டுவிட்டு ரயிலில் லோயர் பெர்த்தாகப் போடுங்கள்.

இரண்டாவது. 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவோடு டை ஆன டெஸ்ட், கடைசி நாள் நான் ஸ்டாண்டில் இருந்தேன். இந்தியா 348 அடிக்க வேண்டும், கடைசி ஓவரில் மணிந்தர் எல்.பி.டபிள்யூ. ஆகி ஸ்கோர் சமமாக நின்றது, எங்களுக்கு ஜெயித்தோமா தோற்றோமா என்றே புரியவில்லை. அதே மத்தியானம் என் மனைவிக்கு வலி எடுத்துவிட்டது, தேதிக்குப் பத்து நாள் முன்னாலேயே. செல்போன் ஏது? கூட வேலை பார்த்த சிநேகிதர்தான் டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், பாரத்தில் கையெழுத்துப் போட்டு, நான் வேர்த்து வழிய ஓடிவந்தபோது குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவருக்குக் கடைசிவரை குழந்தை கிடையாது. என் மகளுக்கு அவர்தான் பெரியப்பா, காது குத்தும்போது அவர் மடியில்தான் உட்கார வைத்தோம். அதில் யாரோ முனகினார்கள், என் அம்மா ஒரே அதட்டில் வாயை அடக்கிவிட்டார். அவர் மனதில் என்ன ஓடியது என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்கிற வழக்கமில்லை. இப்போது உள்ள பிள்ளைகள் கேட்கிறீர்கள், நல்லதுதான்.

ஐஜேகே_ஸ்டாண்ட்

டை ஆன டெஸ்டை நேரில் பார்த்தவர் நம்மிடையே இருக்கிறார், யாருமே அதைப் பற்றிப் பேசவில்லையே! ஐயா, அதற்குத் தனியாக ஒரு நாள் எழுதுங்கள்.

குடியாத்தம்_மஞ்சள்

எல்லோருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை ராத்திரி அனுப்பிவிட்டேன். அனுப்பியது இதுதான்:

"மச்சி, எங்களுக்குக் குழந்தை வரப்போகுது, மே கடைசி. வேற யார் மூலமாவும் உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு எழுதறேன். உடனே பதில் போடணும்னு இல்ல, போன் பண்ணணும்னும் இல்ல. நீங்க ரெண்டு பேரும் எப்ப வேணும்னாலும் வரலாம், வரலைன்னாலும் நான் வருவேன்."

மனைவிதான் கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னாள்.

நீல டிக் உடனே வந்துவிட்டது. சனிக்கிழமை முழுக்க ஒன்றும் இல்லை. நானும் போனைச் சார்ஜில் போடுகிற சாக்கில் எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஞாயிறு மத்தியானம் அவனே கூப்பிட்டான். முதல் கேள்வி, "வேலை போகலையே?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. "இல்லடா, ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்துட்டு சாம்சனை வாங்கினீங்களே, அன்னைக்கு நான் உன்னை அந்த ஓட்டு ஓட்டினேன், 2023 ஃபைனல்ல கடைசி ரெண்டு பால்ல சிக்ஸும் ஃபோரும் அடிச்சுக் கப்பு வாங்கிக் கொடுத்தவனையே வித்துட்டீங்களேடான்னு கேட்டேன், நீ ஒரு வார்த்தை திருப்பிப் பேசல. எங்க டீமையும் மூணு மாசமா திட்டவே இல்ல. என்னமோ ஆயிடுச்சு, வேலை போயிடுச்சு, சொல்ல முடியாம முழுங்கறான்னு நெனச்சேன். உனக்குக் கொடுக்கலாம்னு பணம்கூட எடுத்து வெச்சிருந்தேன்" என்றான்.

நான் அழுதுவிட்டேன். அவனும்தான்.

அப்புறம் சொன்னான், அவன் மனைவிக்கு இரண்டு நாளாக மனசு சரியில்லையாம். அவளே போன் பண்ணுவாள், நீங்களாகப் பண்ண வேண்டாம் என்றான். மார்ச்சில் இன்னொரு டிரான்ஸ்ஃபர் இருக்கிறதாம், அதனால் வளைகாப்புக்கு அவன் மட்டும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். ஃப்ரீஸ் பண்ணி வைத்த கருக்களில் மிச்சம் இருப்பது அவ்வளவுதானாம். நான் என்ன சொல்வதென்று தெரியாமல், "ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்ட ஆள் வேணும்னா சொல்லு, நான் லீவு போடறேன்" என்றேன். "முதல்ல உன் டீமுக்குப் பவுலிங் போட ஆள் தேடு, போன வருஷம் கடைசி இடம் வந்தவன் எனக்கு உதவி பண்ண வந்துட்டான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

@டிடிஆர் ஐயா, பிக்மி பற்றி மாமனாரிடம் சொல்லிவிட்டேன், நாளைக்கே செவிலியரைப் பார்க்கிறேன் என்றார்.

ஆண்டர்சன்பேட்டை

கடைசி இடம் 😂 நம்ம ஆளு.

கார்த்திகை_மழை

நல்லபடியாக முடிந்தது தம்பி. அந்தப் பெண் போன் பண்ண ஒரு மாதம் ஆனாலும் ஆகட்டும், உங்கள் மனைவி அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று. வளைகாப்பில் அவர் தனியாக வந்து நிற்கும்போது உங்கள் பக்கத்துச் சொந்தங்களில் யாராவது ஒருத்தர் கட்டாயம் "உங்க வீட்ல வரலையா, உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?" என்று கேட்பார்கள். வளையலைக் கையில் கொடுத்து "உன் பொண்டாட்டிக்குப் போட்டுவிடு, அடுத்தது உங்க வீட்லதான்" என்றும் ஆரம்பிப்பார்கள். எனக்குப் போட்டுவிட்ட வளையல்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன. உங்கள் அம்மாவிடமும் மாமியாரிடமும் முன்கூட்டியே பேசி வையுங்கள், அன்றைக்கு அவருக்குப் பந்தி விசாரிக்கிற மாதிரி ஏதாவது வேலை கொடுத்து உங்கள் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.